இருட்டறை சுப்பையனும் நாற்பது நாள் மருந்தும்

செய்தித்தாளைப் பிரித்ததும் சுப்பையன் அண்ணன் காதிடுக்கிலிருந்து பென்சிலை எடுப்பார். தலைப்பைப் பார்க்கமாட்டார். ‘என்று தெரிகிறது’, ‘எனக் கூறப்படுகிறது’ என்று வரும் இடங்களுக்கு அடியில் மெல்லிய கோடு இழுப்பார். சொன்னவரின் பெயர் இருந்தால் அதைச் சுற்றி ஒரு வட்டம். பிறகு பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டு எண்ணுவார். வட்டமே விழாத செய்தியின் மேல் காப்பிக் குவளையை வைத்துவிடுவார்.

“பரீட்சைப் பேப்பர் திருத்துற மாதிரி திருத்தி வச்சிட்டாருலா. இனிமே இத யாரு படிக்கிறது?” என்பார் காஜா பேராங் தெருக் காப்பிக்கடை கணேசமூர்த்தி.

“படிக்கிற மாதிரி எழுதச் சொல்லுங்க,” என்பார் இவர், தலை நிமிராமல்.

தோட்டத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் கழுவும் இருட்டறையில் வேலை. படத்தைப் பார்த்து நோயைச் சொல்வது டாக்டர். இவர் மருந்துநீரில் நனைத்து, அலசி, காயப்போடவேண்டியதுதான். ஆனால் பதினோரு வருடமாக ஒரு நாளைக்கு முப்பது நெஞ்சுகள் அவர் கையில் ஈரம் சொட்டியிருக்கின்றன.

ஐம்பத்தேழில் என் அக்கா ஜெயா காசநோய் வார்டில் இருந்தாள். ஐந்து மாதம் ஆகியிருந்தது. தினமும் ஊசி, வயிற்றைப் புரட்டும் மாத்திரைகள். இன்னும் ஒரு வருடம் என்றார் டாக்டர். அந்த ஜூலையில் அவள் தலையணைக்கு அடியில் ஒரு செய்தித்துண்டு வந்து சேர்ந்தது. சிங்கப்பூரில் ஓர் ஆய்வுக்கூடம், அணுக்கதிர் ஏற்றிய நீரைக் கொண்டு நாற்பதே நாளில் காசநோயைத் தீர்க்கிறதாம். இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் இருநூற்று ஒன்பது பேர் குணமாம்.

அவள் அங்கே எழுதிப்போட்டாள். வழவழப்பான ஒரு சிறுநூல் வந்தது. நடுப்பக்கத்தில் ஒரே நோயாளியின் இரண்டு எக்ஸ்ரே படங்கள், சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின். முதல் படத்தில் நுரையீரல் முழுக்க வெள்ளைப் புகைச்சல். அடுத்ததில் துடைத்துவிட்டாற்போல் சுத்தம். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டு வார்டைவிட்டு வருவதென்று ஜெயா முடிவெடுத்தாள். வீட்டில் எல்லோரும் சரி என்றோம். நானும்தான்.

சுப்பையன் அண்ணன் எங்களுக்கு அடுத்த வீடு. விஷயம் தெரிந்ததும் அந்தச் சிறுநூலை இரவல் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த இரண்டு வாரம் காப்பிக்கடைப் பக்கம் அவரைக் காணவில்லை.

வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள் வார்டுக்கு வந்தார். சீருடையில் மருந்துநீரின் புளித்த வாடை. ஜெயா பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள், நான் துணி மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

“தங்கச்சி, நாளைக்குப் போகாத.”

“ஏன்ணே, டாக்டர் அனுப்பினாரா?”

“யாரும் அனுப்பல. இது பொய்னு தோணுது.”

ஜெயா சிரித்தாள். “நீங்களே இப்படிச் சொன்னா எப்படிண்ணே? தமிழ்ப் பேப்பர், இங்கிலீஷ் பேப்பர், மலாய்ப் பேப்பர், மூணுலயும் வந்துச்சு. மூணும் பொய் சொல்லுமா?”

“மூணையும் பண்டார் ஹிலிர் வாசகசாலையில உக்காந்து ஒண்ணா வச்சுப் பாத்தேன். இங்கிலீஷ்ல எனக்குப் புரியாதத அங்க இருந்த குமாஸ்தாவ வாசிக்கச் சொன்னேன். இந்தப் புஸ்தகத்தப் பாத்துதான் மூணு பேரும் எழுதியிருக்கான். குணமான ஆள் ஒருத்தனயாவது நேர்ல பாத்தேன்னு ஒருத்தனும் எழுதல. மூணு சாட்சி இல்ல, ஒரே வாய்.”

“லண்டன் டாக்டர் பத்திரிகையிலயும் வந்துச்சுன்னு போட்டிருக்கே?”

“மாசமும் வருஷமும் போட்டிருக்கான், அதுவரைக்கும் நல்லவன். அந்தப் பத்திரிகை நம்ம பெரிய டாக்டர் அலமாரியில இருக்கு. கெஞ்சிக் கேட்டு எடுக்க வச்சேன். அந்த மாசத்துல இல்ல. முன்னால மூணு மாசம், பின்னால மூணு மாசமும் புரட்டியாச்சு. இல்ல.”

ஜெயாவின் சிரிப்பு நின்றது. “குணமானா போதும்ணே. எதுல எழுதினா என்ன?”

அவர் சிறுநூலை விரித்துப் பூதக்கண்ணாடியை வைத்தார். முதல் படத்தில் இடது காறையெலும்பைத் தொட்டார். நடுவில் ஒரு முடிச்சு. ஒடிந்து கூடிய எலும்பு.

“இப்ப அடுத்த படம்.”

எலும்பு நேராக, வழுவழுவென்று இருந்தது.

“அச்சடிச்சவன் இடம் வலமா மாத்திப் போட்டிருப்பானோன்னு கண்ணாடியில காட்டிப் பாத்தேன். வலது பக்கமும் சுத்தமாத்தான் இருக்கு. சரி, தவறிப்போய் வேற ஆள் படத்தப் போட்டிருக்கலாம். அசல் படம் ரெண்டையும் அனுப்புங்கன்னு கடிதம் போட்டேன்.”

“பதில் வந்துச்சா?”

“இதே புஸ்தகம் இன்னொண்ணு வந்துச்சு.”

அடுத்த கட்டில்காரி கிளுக்கென்று சிரித்துவிட்டு இருமினாள். ஜெயா சிரிக்கவில்லை.

“நோய் போகலாம் தங்கச்சி. நாப்பது நாள்ல ஒடிஞ்ச தழும்பு எப்படிப் போகும்? இது ரெண்டு ஆளு.”

எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது. அவள் முகத்தில் அந்த மாதம் முழுக்க இருந்த வெளிச்சத்தை அவர் அணைத்துவிட்டார். ஆனால் அவர் அவளைக் கேலி செய்யவில்லை. நம்பியவளை முட்டாள் என்று சொல்லாமல், நம்பச் சொன்னவனை மட்டும் விசாரிக்கத் தெரிந்த மனிதரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

ஜெயா பெட்டியிலிருந்து சீப்பையும் துண்டையும் வெளியே எடுத்து வைத்தாள்.

“இங்கயே கெடந்து செத்தா உங்களத்தான் கேப்பேன்.”

“கேளு,” என்றார்.

அடுத்த மாதம் எங்கள் நாட்டின் சுதந்திர அறிவிப்பை அவள் வார்டு ரேடியோவில்தான் கேட்டாள். மறு வருடம் அக்டோபரில் வீட்டுக்கு வந்தாள். கடைசி எக்ஸ்ரேயைக் கழுவியவர் சுப்பையன் அண்ணன். டாக்டர் பார்க்கும் முன்னால் வாய் திறக்கக்கூடாது என்பதால் அன்று மாலை வரை எங்கள் கண்ணிலேயே படவில்லை.

சென்ற மாதம் ஜெயாவின் குழந்தைக்குப் பெயர் வைத்தோம். விருந்தாளிகள் போனபின் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது: அன்று தலையணைக்கு அடியில் இருந்த செய்தித்துண்டை, சந்தோஷத்தில் ஒரு கோடுகூடப் போடாமல் வெட்டியெடுத்து வார்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தவர் சுப்பையன் அண்ணன்.