பைக்குள் இருந்த மஞ்சள் பட்டு

அம்மா கத்தரிக்கோலைக் கையில் எடுத்துவிட்டால், அப்பா தன் சட்டைகளை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்வார். எங்கள் வீட்டில் எந்தத் துணியும் கடைசிவரை பிறந்த உருவத்தில் இருந்ததில்லை. அப்பாவின் முழுக்கைச் சட்டை எனக்குக் கவுன் ஆனது. ஜன்னல் திரை பள்ளிக்கூடப் பை ஆனது. போர்வை உறையில் தைத்த பைஜாமாவைப் போட்டுக்கொண்டு அதே போர்வைக்குள் படுத்தால் நான் இருக்கும் இடமே தெரியாது என்று அப்பா சொல்வார்.

ஈரோட்டிலிருந்து அமெரிக்காவின் பிளெய்ன்ஸ்பரோவுக்கு வந்தபோது எனக்கு ஏழு வயது. அப்பாவின் விசாவில் வந்த அம்மாவுக்கு வேலைக்குப் போக அனுமதி கிடையாது. யாரோ வீட்டு வாசலில் கராஜ் சேல் போட்டு மலிவாக விற்ற பழைய மின்சாரத் தையல் மெஷின்தான் அவளுக்குத் துணை. ஊரில் காலால் மிதித்துத் தைத்துப் பழகியவள். இந்த மெஷினின் பெடலையும் ஓங்கி மிதிப்பாள். அது அலறிக்கொண்டு ஓடும்.

எங்களுக்கு நேர் மேலே ஒரு ஆன்ட்டியும் அங்கிளும் இருந்தார்கள். சென்னைக்காரர்கள், குழந்தை இல்லை. ஆன்ட்டி வேலைக்குப் போகிறவர். எங்களிடம் ஒரே கார், அதை அப்பா எடுத்துக்கொண்டு போய்விடுவார். அதனால் வெள்ளிக்கிழமைகளில் ஆன்ட்டிதான் அம்மாவை இந்தியன் ஸ்டோருக்குக் கூட்டிப் போவார். அம்மா வாய்விட்டுச் சிரிப்பதை நான் அந்தக் காரின் பின்சீட்டில் உட்கார்ந்துதான் கேட்டிருக்கிறேன்.

அங்கிள் தமாஷான மனிதர். நான் யாரிடமும் பேசமாட்டேன் என்பதால் என்னைப் பார்க்கும்போதெல்லாம், “என்ன, இன்னிக்கும் பேட்டரி போடலையா?” என்பார். ஆன்ட்டியையும் விடமாட்டார். “இவ சமையலைச் சாப்பிட்டும் எட்டு வருஷமா உயிரோட இருக்கேன், எனக்கு ஒரு மெடல் குடுங்கப்பா” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

எனக்குப் பத்து வயதான வருடம், ஊர்த் தமிழர்களின் பொங்கல் விழாவுக்கு எங்கள் குடியிருப்பில் ஆறு பெண் பிள்ளைகளுக்கு ஆன்ட்டி கோலாட்டம் சொல்லிக்கொடுத்தார். எல்லோரும் பட்டுப் பாவாடை போட வேண்டும். மற்ற ஐந்து பேருக்கும் ஊரிலிருந்து வந்துவிட்டது. எனக்கு மட்டும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஆன்ட்டி ஒரு கறுப்புக் குப்பைப் பையை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார். “பழைய துணிதான் அக்கா. பாப்பாவுக்கு ஏதாவது தைக்க ஆகும்” என்றார். உள்ளே அங்கிளின் சட்டைகள், சாயம் போன சுடிதார்கள். எல்லாவற்றுக்கும் அடியில், ஒரு பெட்ஷீட்டுக்குள் சுருட்டியபடி, ஒரு மஞ்சள் பட்டுப் புடவை. பச்சைக் கரை, கரை முழுக்கச் சின்னச் சின்ன அன்னங்கள்.

அம்மா தயங்கினாள். மேல் வீட்டுக்கு போன் செய்தாள். அங்கிள்தான் எடுத்தார். ரிசீவரைத் தாண்டி அவர் குரல் எனக்குக் கேட்டது.

“பையில ஒரு பட்டு இருக்குதுங்ண்ணா. தெரியாம வந்துருச்சோன்னு…”

“அட, அவகிட்ட இல்லாத பட்டா! அதுல இருக்கறது எல்லாம் வேணாம்னு போட்டதுதாம்மா. நீங்க எடுக்கலேன்னா டம்ப்ஸ்டர் குப்பைக்குத்தான் போகும். தாராளமா வெட்டுங்க!”

அம்மா புடவையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வருடக்கணக்கில் மடித்தே வைத்த பட்டு மடிப்பில்தான் முதலில் கிழியும். அந்த இடங்களை ஒதுக்கிவிட்டு, கார்ப்பெட்டில் விரித்து, என்னைப் படுக்கவைத்து அளவெடுத்து, வெட்டினாள். அன்னங்கள் என் கணுக்காலைச் சுற்றி வந்தன. முந்தானை ரவிக்கை ஆனது. நான் வளர்ந்தால் பிரித்துவிட, பாவாடையின் உட்பக்கம் இரண்டு மடிப்புகள் பிடித்துத் தைத்தாள். போட்டுப் பார்த்தபோது, “எங்கண்ணுதான் அங்க ராணி” என்றாள்.

விழாவுக்கு முந்தைய திங்கட்கிழமை மேல் வீட்டில் ஒத்திகை. பாத்ரூம் போவதற்காக உள் வராந்தாவுக்குப் போனேன். அங்கே சுவரில் ஒரு கல்யாணப் போட்டோ மாட்டியிருந்தது. அங்கிள் தாலி கட்டுகிறார், ஆன்ட்டி தலை குனிந்திருக்கிறார். அவர் கட்டியிருந்தது மஞ்சள் பட்டு. பச்சைக் கரை. கரையில் அன்னங்கள்.



கூறைப் புடவை என்றால் என்ன என்று அந்த வயதிலேயே எனக்குத் தெரியும். அம்மாவுடையது பெட்டியின் அடியில் வெள்ளைத் துணியில் சுற்றி இருக்கும். தாலி கட்டும்போது உடுத்திய புடவை, அதை யாருக்கும் கொடுக்கக் கூடாது, அதன் மேல் கத்தரி படக் கூடாது என்று நான் தொடப் போகும்போதெல்லாம் சொல்வாள். அவளுடையது அரக்குச் சிவப்பு. மஞ்சளைப் பார்த்து அவளுக்கு அந்த எண்ணமே வந்திருக்காது.

கூடத்தில் கோல்கள் டக் டக்கென்று தட்டிக்கொண்டிருந்தன. “ஆன்ட்டி, கேன் வி டேக் எ பிரேக்?” என்று ஒருத்தி கத்தினாள். ஆன்ட்டி என்னைத் தேடி வந்தார். “என்னடா, இங்கயே நின்னுட்ட?” என்றார். போட்டோவைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

நான்கு நாட்கள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அம்மாவின் வெள்ளிக்கிழமை போய்விடும். சொல்லாவிட்டால் சனிக்கிழமை விழாவில் எல்லோர் முன்னாலும் அவள் திருடி ஆகிவிடுவாள். எனக்குத் தெரிந்த வழிகளை எல்லாம் முயன்றேன். காய்ச்சல் என்றேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். இடுப்பு இறுக்குகிறது என்றேன். பிரித்துத் தளர்த்தினாள். பாவாடை பிடிக்கவில்லை என்று கடைசியில் சொன்னபோது அவள் முகம் சுருங்கிப்போனது. “பழசுன்னு வெக்கமா இருக்குதா கண்ணு?” என்று கேட்டாள்.

சனிக்கிழமை காலை, தலைக்குப் பூ வைத்துவிடும்போது அழுதுகொண்டே சொல்லிவிட்டேன்.

அம்மா அப்படியே கார்ப்பெட்டில் உட்கார்ந்தாள். “கூறையா? நல்லாப் பாத்தியா?” என்று மூன்று முறை கேட்டாள். பிறகு செருப்புகூடப் போடாமல் மாடிக்கு ஓடினாள். கதவு பூட்டியிருந்தது. அவர்கள் மேடை ஏற்பாட்டுக்காக அப்போதே கிளம்பிவிட்டிருந்தார்கள்.

“வேற எதையாச்சும் போட்டுக்கட்டும்” என்றார் அப்பா.

“மறைச்சா அப்புறம் அது திருட்டுங்க” என்றாள் அம்மா. “மொதல்ல மேல்வீட்டுப் புள்ளகிட்ட சொல்லீரலாம். அது வரைக்கும் ஜாக்கெட்டைக் கழட்டாத கண்ணு.”

வெளியே பனி கொட்டிக்கிடந்தது. விழா ஒரு பள்ளிக்கூடத்தின் கஃபடீரியாவில். உள்ளே ஹீட்டர் கொதித்தது. முழங்கால் வரை வரும் ஜாக்கெட்டைக் கழுத்துவரை ஜிப் போட்டுக்கொண்டு நின்றேன். வியர்வை முதுகில் இறங்கியது. அம்மா கூட்டத்தில் ஆன்ட்டியைத் தேடிக்கொண்டு போனாள். ஆன்ட்டி மேடையோரம் பிள்ளைகளுக்குக் கோல்கள் கொடுத்துக்கொண்டிருந்தார். அம்மா அவரை நெருங்குவதற்குள் நிகழ்ச்சிகளை அறிவித்துக்கொண்டிருந்த அங்கிள் கையில் மைக்கோடு என்னிடம் வந்துவிட்டார்.

“இங்க பாருங்கப்பா, வெளியிலதான் ஸ்னோன்னு நெனச்சேன், உள்ளயும் பெய்யுது போல! கழட்டும்மா, அடுத்தது உங்க டான்ஸ்தான்.”

சிரித்துக்கொண்டே ஜிப்பை அவரே கீழே இழுத்தார்.

முதலில் ரவிக்கையைப் பார்த்தார். பிறகு கரையைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது, ஆனால் அசையவில்லை. மைக்கை அணைத்தார்.

“இது எங்கேருந்து வந்துது?”

அம்மா ஓடி வந்தாள். “அண்ணா, எனக்குத் தெரியாதுங்ண்ணா. பையில இருந்துச்சுங்க. உங்களைக் கேட்டுட்டுத்தானுங்க…” அப்பா அவளுக்குப் பின்னால் வந்து நின்றார். என் கை அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டது.

ஆன்ட்டி வந்தார். அவசரப்படவில்லை. என்னை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார்.

“நான்தான் குடுத்தேன்” என்றார்.

“எதுன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியும்.”

“தெரிஞ்சேவா குடுத்த?”

“தெரிஞ்சுதான் குடுத்தேன்.”

அங்கிள் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். அவர் தமாஷ் சொல்லத் தெரியாமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன். ஆன்ட்டி எனக்கு முன்னால் மண்டியிட்டு, பாவாடையின் கொசுவங்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டார். உட்புற மடிப்பை விரலால் தொட்டுப் பார்த்து, “வளர வளரப் பிரிச்சுக்கலாம், இல்லக்கா?” என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா தலையாட்டினாள்.

“போ, லைன்ல நில்லு” என்று என் கையில் கோல்களைக் கொடுத்தார்.

நான் ஆடினேன். அதுவரை அப்படி ஆடியதில்லை, அதற்குப் பிறகும் ஆடியதில்லை. அம்மாவின் மானம் தப்பித்துவிட்டது, வெள்ளிக்கிழமையும் தப்பித்துவிட்டது. எங்களுக்காக எத்தனை பெரிய பொய்யை எத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டார் இந்த ஆன்ட்டி என்று சுற்றும்போதெல்லாம் அவரைப் பார்த்தேன். அவர் கைதட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அங்கிள் அங்கே இல்லை.

காரில் திரும்பும்போது, “ஆன்ட்டி நமக்காகப் பொய் சொன்னாங்க, இல்லம்மா?” என்று கேட்டேன்.

அம்மா கண்ணாடிக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “உம்” என்றாள். பிறகு, “அந்தப் பாவாடையை இனி பத்தரமா வெச்சுக்கணும்” என்றாள். பொய்யைப் பற்றி மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் கோடையில் ஆன்ட்டிக்கு டெக்சாஸில் வேலை கிடைத்தது. ரவுண்ட் ராக் என்ற ஊர். அவர் மட்டும் போனார். அங்கிள் ஏன் போகவில்லை என்று கேட்டதற்கு அவருக்கு இங்கே வேலை என்று அப்பா சொன்னார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. கிளம்பும் நாளில் ஆன்ட்டி அம்மாவைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றார். அம்மா அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

எனக்கு இப்போது அன்றைய ஆன்ட்டியைவிட வயது அதிகம். ஒரு துணியைத் தூக்கி எறிய மனம் வராமலும், வைத்திருக்கப் பொறுக்காமலும், யாராவது வெட்டிவிட்டால் போதும் என்று பெட்ஷீட்டில் சுருட்டி அடியில் வைப்பது எப்படிப்பட்ட காரியம் என்று இன்று ஓரளவு தெரிகிறது. பத்து வயதில் அதெல்லாம் தெரியவில்லை. நன்றாகப் பொய் சொல்லத் தெரிந்தவர் என்பதற்காகவே ஆன்ட்டியைப் பல வருடங்கள் மனதில் உயர்த்தி வைத்திருந்தேன். அன்று அந்த மேடையோரத்தில் அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.