ஓடைக்கு ஏற்றிய கூண்டு

யுத்தம் முடிந்த மறுவருஷம் தூத்துக்குடித் துறைமுகத்து வானிலை ஆபீசில் அப்சர்வராகச் சேர்ந்தேன். இன்று பிள்ளைகள் திரையைப் பார்த்து இடிமழை வருகிறது என்கிறார்கள். எங்களுக்கு இருந்தது ஒரு பாரோமீட்டர், மழை அளக்க ஒரு ரெயின்கேஜ், ஏறிப் பார்க்க ஒரு மொட்டை மாடி. அங்கே நின்றால் உப்புக் காற்றும் கருவாட்டு வாசமும் சேர்ந்து வரும். அதை நினைத்தால் இப்போதும் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

ஓர் ஐப்பசி மத்தியானம் மேற்கே இடிமேகம் எழும்பி, உச்சி பரந்து நின்றது. ஊருக்குள் சுள்ளென்று வெயில். அப்போது மேற்குக் கரிசல் காட்டு ரெயின்கேஜ்காரரிடமிருந்து தந்தி வந்தது: அளவுப் பாத்திரம் நிரம்பி வழிகிறது, மழை விடவில்லை. அங்கே கொட்டுகிற தண்ணீர் சாயங்காலத்துக்குள் எங்கள் ஊர் ஓடை வழியாகத்தான் கடலுக்கு வர வேண்டும். அந்த ஓடைக்குள்ளேயே உப்பளத்து ஜனங்கள் குடிசை போட்டிருந்தார்கள்.

மேலதிகாரியிடம் ஓடினேன். அவர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணசரப் போய்க்கொண்டிருந்தார். "புயல் கூண்டு ஏத்தட்டுமா சார்?" என்றேன்.

"கூண்டு கப்பலுக்கு, ஞானதுரை. ஓடைக்கு ஏது கூண்டு? மேலிடத்துத் தந்தி இல்லாம கயித்தத் தொட்டா சீட்டு கிழிஞ்சிரும். தாலுகா ஆபீசுக்கு எழுதிப் போடு."

தாலுகா ஆபீஸ் ஸ்ரீவைகுண்டத்தில். கடிதம் போய்ச் சேருமுன் வெள்ளம் வந்துவிடும். எனக்கு அப்போது இளரத்தம். புத்திக்கு முன்னால் கை போகும். கூண்டைக் கண்டால் எல்லோரும் ஓடிவிடுவார்கள் என்று நம்பி, அவர் குறட்டை விட்டதும் ஏற்றிவிட்டேன்.

மாடியிலிருந்து தூரக்கண்ணாடியில் பார்த்தேன். உப்பளத்துக்காரர்கள் காற்று வருமென்று கூரை மேல் கல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கடலில் நின்ற மீன்பிடி வள்ளங்களோ, புயலுக்கு ஒதுங்கும் வழக்கப்படி, நேரே ஓடை வாய்க்குள் நுழைந்துகொண்டிருந்தன. அடப்பாவி, வெள்ளம் வருகிற வழியிலேயே அவர்களையும் கொண்டுவந்து நிறுத்திவிட்டேனே!

சைக்கிளை மிதித்தேன். வள்ளக்காரர்களில் மூத்தவரான தொம்மை அண்ணாச்சி தம் வள்ளத்தை முளையில் கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, இங்கன கட்டாதீய! மேக்க இருந்து வெள்ளம் வருது!"

"வெயிலு மண்டையப் பொளக்குது, வெள்ளமாம்! கூண்டு ஏத்தியிருக்கியள்லா? காத்துக்கு இதவிட மறைவு எங்கன இருக்கு?"

"காத்து இல்ல அண்ணாச்சி. அது பொய்க் கூண்டு. நாந்தான் ஏத்துனேன்."

அவர் முகம் மாறியது. "ஏலே, கூண்டுலயாலே பொய் சொல்லுவ?" என்றார். உடனே திரும்பி ஆட்களைப் பார்த்துச் சத்தம் போட்டார். "பாதிப்பேரு வள்ளத்த வெளியே தள்ளுங்கலே! மத்தவன் எங்கூட வா, குடிசைல பிள்ளைய கெடக்கு!"

தம் வள்ளத்தின் பக்கம் அவர் போகவே இல்லை. கடைசியாக ஒரு கிழவியை முதுகில் சுமந்து கரையேறினார். அதற்குள் தண்ணீர் கருஞ்சேறாக இரைந்து வந்துவிட்டது. மற்ற வள்ளங்கள் தப்பின. அவருடையது முளையோடு பிடுங்கிக்கொண்டு போய், ஓடை வாய்க் கல்கட்டில் மோதிச் சிதறியது. உயிர்ச்சேதம் இல்லை. ஊரில் ஒரு சொட்டு மழையும் இல்லை. என் ரெயின்கேஜுக்கு அன்றைக்குப் பூஜ்யம் என்றுதான் எழுதினேன்.

எனக்கு மெமோ வந்தது. அது வலிக்கவில்லை. அதன்பின் மேற்கே கறுத்தால் சைக்கிளில் ஓடைக்குப் போய், தண்ணீர் எங்கிருந்து வரும், எந்தக் கரையில் ஏற வேண்டும் என்று வாயால் சொல்லிவிட்டுத்தான் வருவேன். இப்போது இந்த வேலையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் அதையேதான் சொல்வேன். மழையைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. நீங்கள் சொன்னதைக் கேட்டவன் எந்தப் பக்கம் ஓடுவான் என்று யோசிப்பது மீதி.

அண்ணாச்சி என்னை ஒரு நாளும் திட்டவில்லை. வேறொருவர் வள்ளத்தில் கூலிக்குப் போனார். கார்த்திகையில் மேலிடத்துத் தந்தி வந்து, முறைப்படி கூண்டு ஏற்றினோம். அதைப் பார்த்ததும் எல்லோரும் வள்ளத்தை ஒதுக்கினார்கள். அண்ணாச்சி மட்டும் ஆபீஸ் படியேறி வந்து, தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, மரியாதையாகவே கேட்டார்:

"தம்பி, இது நெசக் கூண்டுதானா?"