டர்போ ஆறும் நேரம்

பெங்களூரு மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கும் ஊர். மனிதருக்கு அது சுகம், சின்ன விமானங்களுக்குச் சுகமில்லை. காற்று மெலிந்திருப்பதால் எஞ்சினுக்கு மூச்சு வாங்கும். சித்திரை வெயிலில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பினால், ஓடுபாதை முடியப்போகும் இடத்தில்தான் சக்கரம் தரையை விட்டு எழும்பும். தொண்ணூறுகளில் ஒரு கிரானைட் முதலாளியின் சொந்த விமானத்துக்கு நான் மெக்கானிக். பொறுமை என்பதே இல்லாத மனிதர். எஞ்சினுக்கு டர்போ பொருத்தச் சொன்னார், பொருத்தினோம்.

டர்போ ஒன்றும் மந்திரமில்லை. எஞ்சின் வெளியே தள்ளும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும். அது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும். பலம் கூடும், கூடவே குழாய் நெருப்பாய்ச் சிவக்கும். அதனால் தரையிறங்கியதும் எஞ்சினைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. ஐந்து நிமிடமாவது மெதுவாக ஓடவிட்டு ஆறவைக்க வேண்டும். இல்லாவிட்டால் சக்கரத்தின் பேரிங்கில் எண்ணெய் கருகிக் கட்டிப்போகும்.

பைலட்டும் என்னைப் போல விவேக் நகர்க்காரன். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு, என்னைவிடப் பத்து வயது இளையவன். ஐந்து நிமிடத்துக்கு அவன் கடிகாரம் பார்ப்பதில்லை. சட்டைப்பையிலிருந்து ஜெபமாலையை எடுத்து இருபது மணி உருட்டுவான். அதற்குப் பிறகுதான் எஞ்சின் நிற்கும். பின்னிருக்கையில் முதலாளி உச்சுக்கொட்டிக்கொண்டிருப்பார். நான் இறக்கையோரம் காத்திருந்து, அவன் இறங்கியதும் கேலி செய்வேன்.

"என்ன ஃபாதர், பூசை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது அண்ணா. உங்க டர்போவுக்கும் சேத்து வேண்டிக்கிட்டேன்."

முதலாளி எவ்வளவு கத்தினாலும் அவன் ஒரு மணிகூடக் குறைத்ததில்லை. மூன்று வருடம் நின்று பார்த்தவன் நான்.

டர்போவையும் புகைக்குழாயையும் சேர்த்துப் பிடிப்பது ஒரு கிளாம்ப். வளையல் போன்ற எஃகுப் பட்டை, அவ்வளவுதான். அது விட்டுப்போனால் நெருப்புப் புகை நேராக எஞ்சின்மேல் பாயும். ஒரு பரிசோதனையில் அதைத் துடைத்தபோது, பற்றவைத்த இடத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு தெரிந்தது. சீனியர் எஞ்சினியரிடம் காட்டினேன். புதியது அமெரிக்காவிலிருந்து வர வேண்டும். முதலாளியோ மறுநாளே பெல்லாரி போக வேண்டும் என்றிருந்தார்.

"அது கரிக்கோடுப்பா. ஏனூ ஆகல்ல, ஒண்ணும் ஆகாது. தொடச்சுப் போடு" என்றார் சீனியர்.

கரிக்கும் விரிசலுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாதா? தெரியும். துடைத்துப் போட்டேன். எல்லாம் சரி என்று பரிசோதனைத் தாளில் கையெழுத்தும் போட்டேன்.

மறுநாள் காலை விமானத்தில் ஏறும்போது பைலட் வழக்கம்போலக் கேட்டான். "அண்ணா, எல்லாம் சரிதானே?"

"போயிட்டு வாப்பா" என்றேன்.

முதலாளியைப் பெல்லாரியில் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தான். ஊர் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் எஞ்சினில் தீப்பிடித்தது. ஏரியை ஒட்டிய ஒரு ராகி வயலில் எப்படியோ இறக்கிவிட்டான். உயிர் தப்பியது. கதவைத் தள்ளித் திறந்த கைகள் இரண்டும் வெந்துபோயின.

விசாரணை வந்தது. பேரிங் கருகி இறுகியிருந்தது, கிளாம்ப் இரண்டாகக் கிடந்தது. அந்தத் தீயில் எதுதான் கருகாது? ஆனால் சீனியர் கூசாமல் சொன்னார்: பைலட் ஆறவைக்காமல் நிறுத்தி நிறுத்திப் பேரிங்கைக் கெடுத்துவிட்டார், கிளாம்ப் தரையில் மோதியதில் உடைந்தது. பின்னிருக்கையில் உச்சுக்கொட்டிய முதலாளியும் அதையே எழுதிக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். கட்டுப்போட்ட கைகளைத் தலையணைமேல் வைத்திருந்தான்.

"அண்ணா, நான் ஆறவைக்கவே இல்லன்னு சொல்றாங்களாம். லைசென்ஸ் போயிடும். நீங்க தினம் பக்கத்துல நின்னீங்களே, அத மட்டும் சொல்லுங்க, போதும்."

"சொல்றேன்பா."

கிளாம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்மேல் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்தது என்று எழுதவே கேவலமாக இருக்கிறது.

அவன் ஆறவைத்தான் என்று சொன்னால், பிறகு எதனால் தீப்பிடித்தது என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி நேராக என் கையெழுத்தில் வந்து நிற்கும். விசாரணைத் தாளில் கேட்டிருந்தார்கள்: எஞ்சினை ஆறவைத்து நிறுத்தும் வழக்கம் பைலட்டுக்கு இருந்ததா? 'நான் கவனித்ததில்லை' என்று எழுதினேன். அவனுக்கு லைசென்ஸ் போனது. யார் என்ன எழுதினார்கள் என்பதை யாரும் அவனிடம் காட்டவில்லை.

சில வருடங்கள் கழித்து, ஒரு வியாழக்கிழமை, குழந்தை இயேசு கோயிலில் அவனைப் பார்த்தேன். விரல்கள் மடங்கவில்லை. மனைவிதான் ஜெபமாலையை அவனுக்காக ஒவ்வொரு மணியாக நகர்த்திக்கொண்டிருந்தாள். ஒதுங்கிப் போய்விடலாம் என்று திரும்பினேன். அதற்குள் பார்த்துவிட்டான்.

"வாங்கண்ணா" என்று பெஞ்சில் நகர்ந்தான். மனைவியிடம் சொன்னான்: "நான் சொல்லுவேன்ல, அண்ணன். அந்த விசாரணையில எனக்காகப் பேசினது இவரு ஒருத்தர்தான்."

அவள் என்னைப் பார்த்துக் கைகூப்பினாள். அவன் நகர்ந்து விட்ட இடத்தில் நான் உட்கார்ந்தேன்.