கடைசிப் பூவும் ஒரு போனும்

முன்னாள் கவுன்சிலர் அடைக்கலம் சாவு வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டாராம். புதுவயல் டீக்கடையில் கிளம்பிய வதந்தி இது. அரசியல்வாதி திருந்திவிட்டார் என்றால்கூட நம்பலாம், இதை எப்படி நம்புவது? விசாரித்தேன். உண்மைதான்.

சுயேச்சையாகவே ஜெயித்து வந்தவர். சாலை எதுவும் போட்டதில்லை. சாவு எதையும் தவறவிட்டதில்லை. மனு கொடுக்க ஒன்றிய அலுவலகத்துக்கு யாரும் போகமாட்டார்கள். எங்காவது இழவு விழட்டும் என்று காத்திருந்து, பந்தலில் ஆளைப் பிடிப்பார்கள்.

பதவி முடியும் சமயத்தில் அவருடைய மனைவி வள்ளிக்கண்ணு இறந்தார். அந்தப் பந்தலுக்கும் பஞ்சவர்ணம் என்ற விதவை வந்துவிட்டார்.

"தப்பா நினைக்காதீகண்ணே. உங்களை வேற எங்குட்டுப் போயிப் பிடிக்க? பென்ஷன் நின்னுபோச்சு."

"இரு தாயி, தாலுகா ஆபீஸ்ல இப்பவே பேசிருவோம்" என்று பழக்கதோஷத்தில் எழுந்தவர், சிக்னல் தேடித் தெருக்கோடிக்குப் போய்விட்டார். வள்ளிக்கண்ணுவுக்குக் கடைசிப் பூ வைக்கப் புருசனைத் தேடினார்கள். காணோம். மகள் சுடர்க்கொடிதான் வைத்தாள்.

"ஊருச் சாவுக்கெல்லாம் நின்னீக. எங்கம்மாவுக்கு மட்டும் நிக்க முடியலையாக்கும்" என்றாள் திரும்பி வந்தவரிடம். அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

இப்போது பந்தலைக் கண்டாலே அடைக்கலம் வேறு தெருவில் திரும்பிவிடுகிறார். பதவி போனபின் தாலுகா ஆபீஸில் உட்காரச் சொல்லவும் ஆளில்லை. ஆனாலும் வாராவாரம் போகிறார். "அந்தப் பென்ஷன் வந்தாத்தானே, ஒரு காரியமாத்தான் எந்திரிச்சுப் போனேன்னு மகள்கிட்ட சொல்லலாம்?"

பஞ்சவர்ணம் நேற்றும் வந்து கேட்டுவிட்டுப் போனார். பென்ஷன் பாக்கிதான்.