என் கையால் கொடுத்த ரம்புட்டான்

சபையாருக்கு எஸ்தரின் ஸ்தோத்திரம். வியாதி நீங்கியது, வேலை கிடைத்தது என்று பலர் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள். நான் சொல்லப்போவது என் தப்பை. போன மழைக்காலத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, இரண்டு வயதுக் குழந்தை ஒன்று என் கண் முன்னால் மூச்சில்லாமல் நீலம் பாரித்தது. அதற்குக் காரணம் நான்.

கொச்சி மட்டாஞ்சேரியில், கொச்சங்காடி கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் பகல் நேரத்தில் ஒன்பது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். எல்லாம் நம் தமிழ்நாட்டுக்காரர்களின் பிள்ளைகள். தாய்மார் ஹோட்டல்களில் அறை துடைக்கிறார்கள், காய்கறி விற்கிறார்கள், கட்டட வேலைக்குப் போகிறார்கள். காலை ஏழு மணிக்கு விட்டால் நாலு மணிக்குத்தான் வருவார்கள். பிள்ளைகள் வருமுன் தினமும் முழங்கால் போட்டு, "ஆண்டவரே, இந்த ஒன்பதில் ஒன்றுக்கும் ஒரு ஆபத்தும் வரக்கூடாது" என்று ஜெபிப்பேன். அதோடு என் கடமை முடிந்தது என்று நினைப்பு.

அந்த வருடத் தொடக்கத்தில், பிள்ளை பார்த்துக்கொள்ளும் பெண்களுக்காக வார்டு ஹாலில் பன்னிரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. நாலு பெற்று வளர்த்தவளுக்குப் பாடமா? போகாவிட்டால் நாலு பேர் என்ன பேசுவார்களோ என்று போய் உட்கார்ந்தேன். சொல்லிக்கொடுத்தவர் லீலாம்மா சேச்சி, ஓய்வுபெற்ற மலையாளி நர்ஸ். ரம்புட்டான் பழத்தையும் திராட்சையையும் சின்னப் பிள்ளைகளுக்கு முழுசாகக் கொடுக்காதீர்கள், கொட்டையை எடுத்துக் கீறிக் கொடுங்கள் என்றார். நான் கொட்டாவி விட்டேன்.

பிறகு ஒரு ரப்பர் பொம்மையைக் கையில் கொடுத்து, "குட்டிக்குத் தொண்டை அடைச்சு. இப்ப எந்து செய்யும், மோளே?" என்று கேட்டார்.

வகுப்புக்கு வந்த தமிழ்ப் பெண்கள் ஆறு பேரும் பொம்மையின் உச்சந்தலையில் தட்டினோம். நம் பழக்கம் அதுதானே. புரை ஏறினால் தலையில் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்போம். சேச்சி திகைத்துப் போனார்.

"எந்தா மோளே இது! தலையில தட்டினா தொண்டையில உள்ளது வெளிய வருமோ? கமத்திப் போடு, முதுகில அடி! அதுக்கும் வரலேன்னா பின்னால இருந்து வயித்த அமுக்கு!"

நான் வேண்டா வெறுப்பாகச் செய்வதைப் பார்த்து என்னை மட்டும் இருபது தடவை செய்யவைத்தார். எனக்கு வைத்த சாயா ஆறிப்போனது. வீட்டுக்கு வந்து கணவரிடம் அவரைத் திட்டித் தீர்த்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். அந்தக் குழந்தை ஜீவா, முத்துமாரியின் ஒரே மகள். முத்துமாரிக்குப் போர்ட் கொச்சியில் ஒரு சின்ன ஹோட்டலில் வேலை. ரம்புட்டான் தோலை உரித்து முழுசாக ஜீவா கையில் கொடுத்தேன். என் பிள்ளைகள் நாலும் அப்படித்தான் தின்றார்கள் என்ற திமிர். சப்பினாள், சிரித்தாள். அடுத்த நொடி சத்தமே இல்லை. இருமவில்லை, அழவில்லை. வாய் திறந்திருக்கிறது, கண் என்னையே பார்க்கிறது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? உச்சந்தலையில் தட்டினேன். "யாரோ நினைக்கிறாங்கடி கண்ணு" என்றேன். பன்னிரண்டு நாள் படித்தவள்! உதடு நீலமாகிறது, நான் தலையில் தட்டிக்கொண்டிருக்கிறேன். சட்டென்று அது உறைத்தது.

"இயேசப்பா, என் கைக்கு ஒன்னும் தெரியல, நீங்க பிடிங்க!" என்று கத்தினேன்.

என் கை மாறியது. வேறெப்படிச் சொல்ல? குழந்தையைத் தொடைமேல் கவிழ்த்தேன், தலை கீழே இருந்தது. உள்ளங்கையின் அடிப்பகுதியால் இரு தோள்பட்டைக்கும் நடுவில் ஐந்து அடி. ஒன்றும் வரவில்லை. அவளை நிமிர்த்தி நிறுத்திப் பின்னால் முட்டிபோட்டு, தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து உள்ளேயும் மேலேயும் இழுத்தேன். மூன்றாவது தடவை பழம் தெறித்துத் தரையில் உருண்டது. ஜீவா வீறிட்டு அழுதாள். அதைவிட இனிமையான சத்தத்தை என் காது கேட்டதில்லை.

மற்றப் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் பார்த்து, உள்ளே அடி எதுவும் படவில்லை என்றார். திரும்பும்போதுதான் எனக்கு இரண்டாவது அதிர்ச்சி. நான் தினமும் காலையில் கேட்டதற்கு ஆண்டவர் எப்போதோ பதில் கொடுத்திருக்கிறார். அந்தப் பதிலைத்தான் நான் வீட்டுக்கு வந்து திட்டினேன்.

வேலை நேரத்தில் முத்துமாரிக்குப் போன் எடுக்க அனுமதியில்லை. நாலு மணி வரை என் மனம் அலைபாய்ந்தது. புரை ஏறியது, சரியாகிவிட்டது என்று சொன்னால் போதும். உண்மையைச் சொன்னால் ஒன்பது பிள்ளைகளும் போய்விடலாம். ஆனால் அப்படிக் கத்தி ஜெபித்த வாயில் பொய் வரவில்லை. முத்துமாரி வந்ததும் ஒன்றுவிடாமல் சொன்னேன், தலையில் தட்டியதையும் சேர்த்து.

முத்துமாரி முகம் வெளுத்துவிட்டது. "உங்கள நம்பித்தானக்கா விட்டுட்டுப் போறேன்" என்றாள். பிள்ளையை அள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

புதன் வரவில்லை. வியாழனும் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டினாள், இடுப்பில் ஜீவா.

"ரெண்டு நாளா யோசிச்சேன்க்கா. எனக்கும் தலையில தட்டத்தான் தெரியும். அது எங்க வீட்டுல நடந்திருந்தா இவ இப்ப இல்ல. எனக்கும் அதச் சொல்லிக்குடுங்க."

இருவரும் தரையில் உட்கார்ந்து அழுதோம். பிறகு ஒரு தலையணையை மடியில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தோம்.

அந்த வாரமே லீலாம்மா சேச்சியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் திட்டவில்லை, "அடுத்த வகுப்பில நீ தமிழில பறஞ்சு கொடு" என்றார். இப்போது சனிக்கிழமைகளில் நம் பெண்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். முதலில் என் கதையைச் சொல்லிவிட்டுத்தான் பொம்மையை எடுப்பேன்.

அன்பான சகோதரிகளே, உங்கள் பிள்ளைகளுக்காக ஜெபியுங்கள். அவர் கேட்கிறார், நான் கண்டேன். ஆனால் பதில் பன்னிரண்டு நாள் வகுப்பாக வந்தால் என்னைப்போல் முகத்தைத் திருப்பாமல் பெயரைக் கொடுங்கள். இன்று காலையும் ஜீவா வந்தாள், செருப்பை மூலைக்கு ஒன்றாக வீசிவிட்டு. மகிமையெல்லாம் தேவனுக்கே.