பசை எந்தப் பக்கம்

என் மனைவியைத் தையல் கடையில் காலரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் தெருவில் எனக்கும் காலரம்மா வீட்டுக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பேருந்துப் பணிமனையில் வண்டிகள் வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் குறிக்கிறவன் நான். அங்கே என் தலையைக் கண்டாலே ஓட்டுநர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வார்கள். தெருவில் அந்தப் பருப்பெல்லாம் வேகாது. காலரம்மா வீட்டுக்காரர் என்றால் காலரம்மா வீட்டுக்காரர்தான். இருந்துவிட்டுப் போகிறேன், எனக்கென்ன வந்தது.

அவள் வேலை இதுதான். சட்டைக் காலர் விறைப்பாக நிற்க வேண்டுமானால் துணிக்குள் கேன்வாஸ் வைக்க வேண்டும். கேன்வாஸின் ஒரு பக்கத்தில் பசை இருக்கும். அந்தப் பக்கத்தைத் துணியின்மேல் கவிழ்த்து, மேலே சூடான இஸ்திரிப் பெட்டியை அழுத்தினால் பசை உருகி இரண்டும் ஒன்றாகிவிடும். மாற்றி வைத்துவிட்டால், துணியில் ஒட்ட வேண்டியது பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு வரும். கேன்வாஸும் வெள்ளை, பசையும் வெள்ளை. கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது, விரலுக்குப் பிடிபடும். பசைப் பக்கம் லேசாகச் சொரசொரவென்று இருக்கும்.

இருபத்திரண்டு வருஷமாக அவள் இதை வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் போர்வையை மடித்துப் போட்டுச் செய்கிறாள். வாய் என்னோடு சண்டை போடும், கண் தொலைக்காட்சியைப் பார்க்கும், கட்டை விரல் மட்டும் கேன்வாஸை ஒரு தடவு தடவிக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டே போகும். எங்கள் மருமகன் முதன்முதலாக வீட்டுக்கு வந்த அன்று, அவன் சட்டையின் காலர் நுனியை அவனுக்கே தெரியாமல் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே வந்து என்னிடம் சொன்னாள், "பையன் நல்ல பையன்தான். காலர்தான் மட்டம். நாலு தண்ணி போட்டா உப்பிக்கும்." அப்படியே உப்பியது.

மூன்று மாதத்துக்கு முன்னால் இஸ்திரிப் பெட்டி சிக்கல் பண்ண ஆரம்பித்தது. அடியில் பிசுபிசுவென்று ஏதோ பிடித்துக் கருகிப் பழுப்பாகிவிடும். அது அடுத்த துணியில் இழுசும். கடையிலிருந்து போன சட்டைகளில் இரண்டு, காலரில் பழுப்புக் கறையோடு திரும்பி வந்துவிட்டன. தையல் மாஸ்டர் நல்ல மனுஷன்தான், ஆனால் அவருக்கும் பிழைப்பு இருக்கிறதே. அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பெரிய எடத்துல மெஷின் வந்துருச்சாம். கட்டாக் குடுத்தா ஒட்டியே குடுத்துடறாங்களாம். இன்னும் ஒரு சட்டை கறையோட திரும்பி வந்தா காலரை அங்கதான் குடுப்பேன்னு சொல்லிட்டாரு."

"சொன்னா சொல்லிட்டுப் போறாரு. அதுக்கு ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கற?"

"காலரும் இல்லன்னா நான் நாள் பூரா என்னங்க பண்றது? உங்க மூஞ்சியையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா?"

வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் குரல் வேடிக்கையாக இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "பெட்டியிலதானே கோளாறு? அதை என்கிட்ட விடு" என்றேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், "பசைப் பக்கத்தை மாத்தி வெச்சிட்டியா?" என்று. "இருபத்திரெண்டு வருஷத்துல ஒரு தடவை வெச்சிருக்கேனா?" என்று திருப்பிக் கேட்டாள். வைத்ததில்லை. அந்தக் கேள்வியை அதோடு விட்டேன்.

அதற்கப்புறம் நான் பட்ட பாடு இருக்கிறதே. மகள் தொலைபேசியில் பற்பசை போடச் சொன்னாள். போட்டேன். பெட்டி மணத்தது, பசை அப்படியே இருந்தது. காகிதத்தில் உப்பைக் கொட்டிச் சூடாகத் தேய் என்று பணிமனையில் ஒருத்தர் சொன்னார். தேய்த்ததில் பாதி போயிற்று, பாதி நின்றது. மூக்கின்மேல் கோபம் எனக்கு. பிளேடை எடுத்துச் சுரண்டினேன். அடிப்பூச்சில் கீறல் விழுந்து, அந்தக் கீறலுக்குள்ளும் பசை போய் உட்கார்ந்துகொண்டது. அவள் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

சரி, சனியன் ஒழியட்டும் என்று புதுப் பெட்டியே வாங்கிவந்தேன். இரண்டு நாள் பளபளவென்று இருந்தது. மூன்றாம் நாள் வேலை முடிந்து வந்து திருப்பிப் பார்க்கிறேன், அதே பிசுபிசுப்பு, அதே பழுப்பு. எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. புதுப் பெட்டிக்குமா அதே வியாதி?

பழக்கதோஷம், நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் குறிக்க ஆரம்பித்தேன். திங்கள் ஒட்டியது. செவ்வாய் ஒட்டியது. புதன் ஒட்டவில்லை. வியாழன் மோசம். சூட்டைக் குறைத்தாலும் ஒட்டுகிறது, கூட்டினாலும் ஒட்டுகிறது. புதன்கிழமை மட்டும் என்ன புண்ணியம் செய்தது? மின்சாரம் அன்றைக்கு ஏறி இறங்கியதா, மழை பெய்ததா, யோசித்து யோசித்துப் பார்த்தேன். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. முன்னூறு வண்டிகள் எங்கே எப்போது நிற்கும் என்று தெரிந்த எனக்கு, ஒரு இஸ்திரிப் பெட்டியின் போக்கு பிடிபடவில்லை.

அப்படியானால் கேன்வாஸ்தான் மட்டம் என்று முடிவுகட்டிக் கடைக்கே சண்டைக்குப் போனேன். மாஸ்டர் அதே கட்டிலிருந்து ஒரு துண்டை உருவி என் கண்முன்னால் ஒட்டிக் காட்டினார். கச்சிதமாக ஒட்டியது, பெட்டி சுத்தமாக இருந்தது. அசட்டுச் சிரிப்பு ஒன்றைச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அந்த எரிச்சல் எல்லாம் அவள்மேல் திரும்பியது.

"பெட்டி நல்லா இருக்கு, கேன்வாஸ் நல்லா இருக்கு. அப்ப என்ன அர்த்தம்? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

இருபத்திரண்டு வருஷம் ஆடியவளைப் பார்த்து இதைச் சொன்னேன். அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன், நான் அவ்வளவு பெரிய மேதாவி.

அந்த வாரக் கடைசியில் ஓட்டல் சிப்பந்திகளின் சீருடைக்கு அறுபது காலர் வந்தது. அறுபதும் மறுநாள் காலை கடையில் இருக்க வேண்டும். இதில் கறை விழுந்தால் அதோடு முடிந்தது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். எனக்கு விடுமுறை. கீழ்வீட்டில் கம்பவுண்டர் குடியிருக்கிறார். அவரிடம் போய் நின்றேன்.

"காய்ச்சல் மாத்திரையால தேய்ங்கண்ணே" என்றார். "பெட்டியை நல்லாக் காய வெச்சு, பிளக்கைப் புடுங்கிட்டு, இடுக்கியில மாத்திரையைப் புடிச்சு, பசை மேல அழுத்துங்க. மாத்திரை உருகும், பசையும் கூடவே எளகி வந்துடும். பழைய துணியால தொடைச்சுடுங்க. மாத்திரையைக் கையால மட்டும் புடிக்காதீங்க."

"காய்ச்சல் மாத்திரையா?"

"பெட்டிக்கும் சூடுதானே."

மதியம் பெட்டியைக் காயவைத்து, பிளக்கைப் பிடுங்கி, அடிப்பாகம் தெரியும்படி சாய்த்து வைத்துவிட்டு இடுக்கி தேடச் சமையலறைக்குள் போனேன். எங்கள் வீட்டில் தேடுகிற பொருள் தேடுகிற நேரத்தில் கிடைத்ததே இல்லை. "வந்துட்டேன், கை வெக்காதே" என்று கத்திக்கொண்டே வந்து பார்த்தால், அவள் மாத்திரையைக் கையிலேயே பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாத்திரை உருகிக் கரைந்து, பசை இளகி வழிந்துகொண்டிருந்தது. அவள் கட்டை விரல் பெட்டியின்மேல் இருந்தது.

"கையை எடு. விரலு."

"சூடே ஏறலியேங்க. பிளக்கை ஒழுங்காப் போட்டீங்களா இல்லையா?"

சூடு ஏறாமல் மாத்திரை எப்படி உருகும்? குழம்பிப்போய் நானும் ஒரு விரலை வைத்தேன். வைத்த வேகத்தில் குழாயடிக்கு ஓடினேன். விரலைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்க்கிறேன், அவள் என்னைப் பார்க்கிறாள், தன் கட்டை விரலைப் பார்க்கிறாள். அது வெள்ளையாக வெந்து, ஓரம் உப்ப ஆரம்பித்திருந்தது. இரண்டு பேரும் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றோம். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. பெட்டி ஆளுக்கு ஆள் மாற்றிச் சுடுமா என்றுகூட ஒரு நொடி ஓடிற்று, அவ்வளவு கலங்கிவிட்டேன். அவள் கையை இழுத்துக் குழாயடியில் பிடித்தேன்.

"வலிக்குதா?"

"இல்ல."

"கொஞ்சம்கூடவா?"

"தண்ணி விழறதே தெரியலங்க."

மெதுவாகப் போய் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். நான் ஒரு கேன்வாஸ் துண்டை எடுத்து நீட்டினேன். எந்தப் பக்கம் என்று கேட்டேன். தடவினாள். திருப்பித் தடவினாள். இன்னொரு கையால் தடவினாள். "இது" என்றாள். அது இல்லை.

"எப்பலேருந்து?"

"மொதல்ல கையில உறை மாட்டின மாதிரி இருந்துச்சு. சரி, வயசாகுதுன்னு விட்டுட்டேன். அப்பறம் ஒரு நாள் கேன்வாஸ் பெட்டியோட ஒட்டிக்கிட்டு வந்துச்சு. உரிச்சுப் போட்டுட்டு வேற வெச்சேன். அப்பறம் அடிக்கடி அப்படியே ஆச்சு."

"என்கிட்ட ஏண்டி சொல்லல?"

"நீங்கதான் பெட்டி பெட்டின்னு உக்காந்துட்டீங்களே. பற்பசை போட்டீங்க, புதுசு வாங்கினீங்க, கேன்வாஸ் மட்டம்னு சண்டைக்குப் போனீங்க. உங்களைப் பாத்துப் பாத்து எனக்கே குழம்பிப் போச்சு. ஒருவேளை பெட்டியாத்தான் இருக்குமோன்னு. பெட்டியாவே இருந்துடட்டும்னு."

அதற்கு நான் என்ன சொல்ல? கூடம் கோணல் என்று சொன்ன வாயைத் தைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. அழுகையும் வந்தது, அடக்கிக்கொண்டேன். புதன்கிழமை விஷயமும் அப்போதுதான் விளங்கியது. அன்றைய கட்டில் கேன்வாஸ் எல்லாம் ஒரே முகமாக அடுக்கி வந்திருக்கிறது. எடுத்து எடுத்து வைத்திருக்கிறாள், தப்பவில்லை.

கம்பவுண்டர் வந்து விரலுக்கு மருந்து போட்டுக் கட்டினார். நாளைக் காலையிலேயே வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துச் சர்க்கரை பார்க்க வேண்டும் என்றும், இதை இனி ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் நான் உட்கார்ந்து அறுபது கேன்வாஸையும் தடவித் தடவிக் கொடுத்தேன், அவள் ஒட்டினாள். நான் ஒன்றைத் தடவி முடிப்பதற்குள் அவள் இரண்டை ஒட்டியிருப்பாளாம். "ஊர் வண்டிக்கெல்லாம் நேரம் குறிக்கறீங்க, உங்க வண்டி இவ்வளவு தாமதமா வருதே" என்றாள். ஒரு காலரிலும் கறை இல்லை.

"யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்றேன். "நான் பிரிச்சுக் குடுக்கறேன், நீ ஒட்டு. மாஸ்டருக்குத் தெரிய வேணாம்." அவள் ஒட்டி முடித்த காலர்களை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

காலையில் ரத்தம் கொடுத்துவிட்டு நேராகக் கடைக்குப் போனோம். மாஸ்டர் ஒவ்வொரு காலராக வளைத்து வளைத்துப் பார்த்தார். முகம் தெளிந்தது. "காலரம்மா கைன்னா கைதான்" என்றார். நான் வாசல் பக்கம் நகர்ந்தேன். அதற்குள் அவர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு துணியையும் கேன்வாஸையும் எடுத்தார்.

"அம்மா, ஒரு சட்டை கூடுதலா வந்திருக்கு. இதை மட்டும் இங்கயே ஒட்டிக் குடுத்துடுங்க. ஓட்டல்காரர் வந்துக்கிட்டே இருக்காரு. பெட்டி சூடாத்தான் இருக்கு."

அவள் கட்டுப் போட்ட கையை மறைத்தபடி இடது கையால் கேன்வாஸை வாங்கினாள். தடவினாள். என்னைப் பார்த்தாள். நடுவில் மாஸ்டர் நிற்கிறார். எட்டி நின்று பார்க்கிற எனக்கு என்ன தெரியும், வெள்ளைதான் தெரிகிறது. ஏதாவது சாக்குச் சொல்லிப் பிடுங்கிவிடலாமா, இருமிவிடலாமா, ஒன்றும் புரியாமல் ஒரு அடி எடுத்து வைத்தேன். வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினாள்.

அப்புறம் கேன்வாஸைத் தூக்கித் தன் கன்னத்தில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். திருப்பி மறுபக்கத்தை வைத்து இழுத்தாள். இன்னொரு தடவை பார்க்கவில்லை. துணிமேல் கவிழ்த்து, பெட்டியை எடுத்து அழுத்தினாள்.

மாஸ்டர் பார்த்துக்கொண்டே நின்றார். தைத்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் மெஷினை நிறுத்திவிட்டார்கள்.

"என்னம்மா, கன்னத்துல வெச்சுப் பாக்கறீங்க?"

"வெரல் மரத்துப் போச்சு மாஸ்டர். மூணு மாசமா. அந்த ரெண்டு சட்டையும் அதனாலதான் கெட்டுச்சு. பெட்டி மேல தப்பில்ல, உங்க கேன்வாஸ் மேலயும் தப்பில்ல." கட்டுப் போட்ட கையை எடுத்து மேசைமேல் வைத்தாள். "நேத்து அறுபதும் அவருதான் பக்கம் பாத்துக் குடுத்தாரு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். மாஸ்டர் அந்தக் காலரை எடுத்தார். சூடு ஆறுவதற்கு முன்பே வளைத்தார், ஓரத்தை நகத்தால் நிமிண்டிப் பார்த்தார், வரவில்லை. பெட்டியைத் தூக்கி அடிப்பாகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு கட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

"இதுல நாப்பது இருக்கு. கன்னம் தாங்குமா?"

"ரெண்டு இருக்கே மாஸ்டர்" என்றாள்.