சித்தப்பா தவறவிட்ட பன்றி

எங்கள் வீட்டில் துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவர் சித்தப்பா ஒருவர்தான். அப்படி அவரே சொல்லிக்கொண்டிருந்தார். நாங்களும் அந்த வருஷத்து மழைக்காலம் வரை அதை நம்பியிருந்தோம்.

பினாங்கில் தண்ணீர்மலையைத் தாண்டி ஒரு சீன முதலாளிக்கு ஜாதிக்காய்த் தோட்டம் இருந்தது. எல்லாரும் அவரைத் தவுக்கே என்றுதான் சொல்வோம். தோட்டத்தைப் பார்த்துக்கொண்டது அப்பா. ஓரமாக எங்களுக்கு மரவள்ளி போட்டுக்கொள்ள இடம் விட்டிருந்தார் தவுக்கே. அந்தக் கிழங்கு மலையிலிருந்த காட்டுப்பன்றிகளுக்கும் பிடித்துப்போயிற்று. காலையில் போய்ப் பார்த்தால் நிலம் உழுது போட்ட மாதிரிக் கிடக்கும். கிழங்கோடு நின்றிருந்தால் தவுக்கே பொறுத்திருப்பார். இளம் ஜாதிக்கன்றுகளையும் பன்றிகள் கிளறிச் சாய்த்த பிறகு, அவர் தன் துப்பாக்கியைக் கொண்டுவந்து சித்தப்பா கையில் கொடுத்தார். இன்னொரு கன்று விழுந்தால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று அப்பாவிடம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

சித்தப்பா மூன்று நாள் பொழுது சாயும் நேரத்தில் மரத்தில் ஏறி உட்கார்ந்தார். மூன்று நாளும் வெடிச் சத்தம் கேட்டது. பன்றி மட்டும் விழவில்லை.

"என்ன அண்ணே, பன்னி சலாம் போட்டுட்டுப் போயிருச்சா?" என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் கேட்டார்கள். சித்தப்பா அவர்களோடு சேர்ந்து தானும் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. சித்தியும் சிரிக்கவில்லை. சித்திக்கு அப்போது ஏழு மாதம். அதற்கு முன் இரண்டு குழந்தைகள் தங்காமல் போயிருந்தன.

எனக்கு எட்டு வயது. சித்தப்பா என்றால் உயிர். அவரை ஊரே கேலி செய்வது எனக்குப் பொறுக்கவில்லை. பன்றி எங்கே படுக்கிறது என்று கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டால் போதும், பிறகு அவர் எப்படித் தவறவிடுவார் என்று நினைத்தேன்.

உதிர்ந்த ஜாதிக்காய் பொறுக்கப் போன ஒரு காலையில் அது என் கண்ணில் பட்டது. ஓடைக்கு அப்பால், புல்லும் ஒடித்த கிளைகளுமாக ஒரு பெரிய குவியல். அதன் அடியிலிருந்து ஒரு குட்டி மூக்கை நீட்டியது. முதுகில் அணிலுக்கு இருப்பதுபோலக் கோடுகள். கூடையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

வாசலில் தவுக்கே நின்று அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தார். எல்லார் காதிலும் விழட்டும் என்றே கத்தினேன். "சித்தப்பா! பன்னி வீட்ட நான் பாத்துட்டேன்! குட்டியெல்லாம் இருக்கு!"

"சின்னப் பிள்ளைலா. கீரிப்பிள்ளையப் பாத்துட்டு வந்து சொல்லுது" என்றார் சித்தப்பா.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "கீரி ஒண்ணும் இல்ல! வாங்க, காட்டுறேன்" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அப்பா மலாயில் விஷயத்தைச் சொன்னதும் தவுக்கே "பாகுஸ், பாகுஸ்" என்று மெச்சி என் தலையைத் தடவி, எங்களோடு தானும் புறப்பட்டார்.

ஓடை வரை நான்தான் முன்னால் நடந்தேன். குவியலுக்கு முன்னால் தாய்ப்பன்றி நின்றுகொண்டிருந்தது. ஓடிவிடும் என்று நினைத்தேன், ஓடவில்லை. எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. சித்தப்பா துப்பாக்கியை உயர்த்தியபடி வெகுநேரம் அசையாமல் இருந்தார். தவுக்கே அவர் தோளுக்குப் பின்னாலேயே நின்றார். அப்பா மெதுவாக, "தம்பி, நம்ம பொழப்புடா" என்றார்.

அன்று சித்தப்பா தவறவிடவில்லை.

குட்டிகளைத் தவுக்கேயின் ஆட்கள் சாக்கில் பிடித்துப்போனார்கள். கறி அக்கம்பக்கத்துக்கெல்லாம் போயிற்று. சித்தி அடுப்பங்கரைப் பக்கமே வரவில்லை. சித்தப்பா ஓடையில் வெகுநேரம் குளித்துவிட்டு வந்து சாப்பிடாமல் படுத்தார். அலுப்பு என்று நினைத்தேன்.

சித்தியின் குழந்தை மூன்று நாள்தான் இருந்தது. ஆண் குழந்தை.

குழந்தை நல்லபடியாகப் பிறக்கும்வரை ஓர் உயிரையும் கொல்வதில்லை என்று சித்தப்பா தண்ணீர்மலை முருகனிடம் வேண்டிக்கொண்டிருந்தார். மரத்தில் ஏறி உட்கார்ந்த மூன்று நாளும் வேண்டுமென்றே வானத்தைப் பார்த்துச் சுட்டிருக்கிறார்; சத்தத்துக்கே பன்றிகள் போய்விடாதா என்று பார்த்திருக்கிறார். இதெல்லாம் எனக்குக் கல்யாணம் ஆன பிறகு அம்மா சொல்லித் தெரிந்தது. பன்றியைச் சுட்டதற்கும் குழந்தை போனதற்கும் சம்பந்தமில்லை என்று இன்று நான் யாரிடமும் சொல்வேன். சித்தப்பாவிடம் சொல்லத்தான் எனக்கு வாய்க்கவில்லை.

குழந்தை போன அந்த மாதக் கடைசியில் அவரும் சித்தியும் புக்கிட் மெர்தாஜாமுக்குக் குடிபோனார்கள். புறப்படும் காலையில் சித்தப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என் முன்னால் குந்தி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"பாப்பா, உன் மேல ஒரு தப்பும் இல்ல. யார் என்ன சொன்னாலும் நீ மனசுல வச்சுக்காத, என்ன?"

எனக்குத் திக்கென்றது. கறி சமைத்த அன்று, அம்மா அந்தப் பக்கம் திரும்பியபோது சட்டியிலிருந்து ஈரல் துண்டு ஒன்றை எடுத்துத் தின்றிருந்தேன். அது இவருக்கு எப்படித் தெரிந்தது என்று புரியவில்லை.

"இனிமே அப்படிச் செய்ய மாட்டேன், சித்தப்பா" என்றேன்.